வரவு வேறு, வளம் வேறு



நம் குடும்பங்களில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால், "மாப்பிள்ளைக்கு மாதச் சம்பளம் எவ்வளவு?" என்பதே முதற் கேள்வியாக எழுகிறது. விடை பெருந்தொகையாக இருந்துவிட்டால் கேட்டவர் முகம் மலர்கிறது. பேச்சு மேலே நடக்கிறது. "அச்சம்பளத்தில் மாதக் கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு? கடன் ஏதேனும் உண்டா? நாளைக்கே வேலை நின்றுவிட்டால் எத்தனை நாள் தாங்குவார்?" என்று கேட்பாரைக் காணோம். அவ்வாறு கேட்பது நாகரிகம் ஆகாது என்று எண்ணி வாய் திறவாதிருக்கிறோம். ஆனால் திருமணத்திற்குப் பின் அப்பெண் நாள்தோறும் எதிர்கொள்ளப் போவது, நாம் கேட்கத் தயங்கிய அந்த மூன்று கேள்விகளையே.

அதிகம் சம்பாதிப்பவர் அனைவரும் செல்வந்தர்தாமா? இம்மாதம் இதனைச் சற்று ஆராய்வோம்.

தடாவில் வாழும் நமக்கு இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. ஆரம்பாக்கத்தை விட்டுப் புறப்படும் வண்டி அடுத்து நிற்கும் நிலையம் தடா. தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டி ஒரே ஒரு நிலையந்தான் வந்திருக்கிறோம் என்றாலும், பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வந்தவர் வந்தவரே. 2008-ஆம் ஆண்டு முதல் சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதிகளில் ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் எழுந்தது. கைப்பேசியும் மோட்டார் வாகனமும் சாக்லேட்டும் அங்கே செய்யப்படுகின்றன. அந்நகரத்திற்கு வாயில் போல் நம் ஊர் அமைந்தது. நம்மிற் பலர் இங்கு வந்தது வருவாயை நாடியே. ஆதலின் வருவாய் நம்மை எங்கே கொண்டு சேர்த்திருக்கிறது என்று இடையிடையே நின்று பார்ப்பது நம் கடமை.

தடா 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் வரை நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்டங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்ட அன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கியது. பழைய நெல்லூர் ஒரு புறமும் பழைய சித்தூர் ஒரு புறமுமாக, இரண்டும் கூடும் இடத்தில் நாம் குடியிருக்கிறோம். வியப்பு என்னவெனில், நம் கேள்விக்கு இவ்விரு மாவட்டங்களுமே விடை வைத்திருக்கின்றன. சித்தூரின் பெயரைத் தாங்கிய ஒரு கலைஞரின் வாழ்க்கை ஒரு விடை. நெல்லூர்க் கிராமப் பெண்கள் செய்த ஒரு செயல் மற்றொரு விடை.

அவற்றைக் காண்பதற்கு முன் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். வருவாய் என்பது வந்துகொண்டிருப்பது. செல்வம் என்பது நின்றுகொண்டிருப்பது. நம் முன்னோர் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் இதை விளக்க வேண்டியதே இல்லை. வரத்துக்கால் எவ்வளவு அகலமானதாயினும், கரை உடைந்த ஏரியில் தை மாதத்தில் நீர் இராது. சிறு வாய்க்கால் வழியே வந்த நீரேயாயினும், கரையும் மதகும் செம்மையாக இருந்தால் பயிர் விளையும் வரை பாயும். ஏரியை மதிப்பிடுவோர் அதில் தேங்கிய நீரையே பார்ப்பர். மனிதரை மதிப்பிடும்போது மட்டும் வரத்துக்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

இனிச் சித்தூருக்கு வருவோம். 1904-ஆம் ஆண்டு குண்டூர்ப் பகுதியில் பிறந்த வி. நாகையா, சித்தூரின் நாடக மேடையில் பெயர் பெற்றமையால் "சித்தூர் நாகையா" என்றே அழைக்கப்பட்டார். 1938-இல் "கிருகலட்சுமி" என்னும் தெலுங்குப் படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். "பக்த போதனா", "தியாகய்யா", "யோகி வேமனா" ஆகிய படங்களில் அவர் ஏற்ற வேடங்களைக் கண்ட மக்கள் அவரை நடிகராக மட்டும் கருதவில்லை, அடியாராகவே போற்றினர். தமிழ் மக்களுக்கும் அவர் அயலார் அல்லர். 1945-இல் வெளிவந்த "மீரா"வில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாருடன் நடித்தவர் அவரே. தென்னிந்திய நடிகருள் ஒரு படத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற முதல்வர் இவர் என்று திரையுலக வரலாறு கூறுவோர் சொல்வர். அந்நாளில் லட்சம் ரூபாய் என்றால் சிற்றூரில் நிலமும் வீடுமாகப் பல குடும்பங்களை நிலைநிறுத்தக் கூடிய தொகை.

அவ்வளவு வருவாய் பெற்றவர் தம் இறுதிக் காலத்தில் வறுமையில் வாடினார். சிறு சிறு வேடங்களை ஏற்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடித்தார். 1965-இல் அரசு பத்மஸ்ரீ விருது அளித்துப் பெருமை செய்தது. ஆனால் விருது வீட்டு வாடகைக்கு உதவுவதில்லை. 1973 டிசம்பர் 30-ஆம் நாள் அவர் மறைந்தார். இன்று சென்னைத் தியாகராய நகர்ப் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை நிற்கிறது.

பணம் எங்கே போயிற்று? சூதிலோ கேளிக்கையிலோ போகவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், அவர் வீட்டு அடுப்பு வந்தவர்க்கெல்லாம் எரிந்தது. சொந்தமாகப் படம் எடுக்கவும் துணிந்தார். 1953-இல் அவர் எடுத்த படம் ஒன்று. தெலுங்கில் "நா இல்லு", தமிழில் "என் வீடு". 1964-இல் "பக்த ராமதாசு". சொந்தப் படங்களில் ஏற்பட்ட இழப்பும் வரையறை அறியாத ஈகையும் சேர்ந்து அவரை வெறுங்கையராக்கின. ஈகையைக் குறை கூற நமக்கு வாய் வராது. ஆயினும் ஒன்றை நோக்க வேண்டும்: வருவாய் உச்சத்தில் இருந்த நாளில், அது ஒரு நாள் குறையும் என்ற எண்ணத்தோடு தனியே எடுத்து வைத்த பகுதி போதுமானதாக இருக்கவில்லை. கலைஞனின் வருவாய் மழை போன்றது. மழை நாளில் கரை கட்டாதவர் கோடையில் யாரிடம் முறையிடுவது?

நாகையாவுடன் இன்னொருவரையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. 1941-இல் வெளிவந்த "அசோக் குமார்" என்ற தமிழ்ப் படத்தில் நாகையா அசோகச் சக்கரவர்த்தியாகவும், அவர் மகன் குணாளனாக எம். கே. தியாகராஜ பாகவதரும் நடித்தனர். திரையில் தந்தையும் மகனுமாகத் தோன்றிய இருவரும் அந்நாளில் பெருவருவாய் உடையவர்கள். பாகவதரின் "ஹரிதாஸ்" 1944-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று வெளியாகிச் சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. அதே ஆண்டு நவம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை முறையிட்டு, மறு விசாரணையில் குற்றமற்றவர் என 1947-இல் விடுதலையானார். இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் ஒப்பந்தங்கள் கைநழுவின; வழக்குச் செலவு வளர்ந்தது; திரையுலகின் சுவையும் மாறியது. பின்னர் பழைய நிலை திரும்பவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் நாள் ஐம்பது வயதும் நிரம்பாமல் அவர் காலமானார்.

பாகவதரின் கதையில் நமக்குரிய பாடம் சிக்கனத்தைப் பற்றியது மட்டும் அன்று. குற்றமற்றவர் என்று இறுதியில் தீர்ப்புப் பெற்ற ஒருவரின் வருவாயே ஒரே நாளில் நின்றுபோகக் கூடும் என்பதே பாடம். வருவாய் நம் திறமையால் வருவது என்று எண்ணுகிறோம். அது நிற்பதற்கோ நம் திறமைக் குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. நோய், விபத்து, ஆலை மூடல், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமை ஆகிய எதுவும் நம்மைக் கேட்டு வருவதில்லை. வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் தம் வாழ்நாளில் 30 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியவர். 2003-ஆம் ஆண்டு கடனை அடைக்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் திவால் மனுக் கொடுத்தார். வருவாய் இவ்வளவு இருந்தால் போதும் என்று ஒரு கோடு கிழிக்க முடியாது என்பதற்கு அவர் சான்று.

"நடிகரும் வீரரும் கிடக்கட்டும், மாதச் சம்பளக்காரர் நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்பதற்காக நம் ஊரில் இரண்டு குடும்பங்களைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதற் குடும்பத் தலைவர் ஆலையில் மேற்பார்வையாளர். கைக்கு வருவது மாதம் 55,000 ரூபாய். வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் 24,000. பிள்ளைகள் படிப்புக்கு 8,000. ஊருக்கு அனுப்புவது 8,000. தங்கை திருமணத்திற்கு வங்கியில் வாங்கிய கடனுக்குத் தவணை 10,800. மோட்டார் சைக்கிள் தவணை 4,000. நகைக்கடன் வட்டி 1,500. கைமாற்றுக்கு வட்டி 1,800. கூட்டினால் 58,100 ஆகிறது. துண்டு விழும் 3,100 ரூபாயைக் கடன் அட்டை தாங்குகிறது. அவ்வட்டையின் வட்டி மாதம் நூற்றுக்கு 3 ரூபாய்க்கு மேல். இவருடைய பழைய கடன்களைக் கூட்டுவோம்: வங்கிக் கடன் 4,00,000, வண்டிக் கடன் 90,000, நகைக்கடன் 1,50,000, கைமாற்று 60,000, ஆக 7,00,000. அடகில் உள்ள நகையின் மதிப்பு 2,00,000 என்றும் வண்டியின் மதிப்பு 60,000 என்றும் கொள்வோம். இரண்டையும் விற்றுக் கடனில் கழித்தாலும் 4,40,000 ரூபாய்க் கடன் நிற்கிறது. வேலை நின்றால் அடுத்த மாதம் முதல் தேதியே அவருக்கு நெருக்கடி.

இரண்டாவது குடும்பத்தில் கணவர் பெறுவது 20,000. மனைவி தையல் தைத்து 7,000 ஈட்டுகிறார். வரவு 27,000, செலவு 24,000. மாதம் 3,000 ரூபாயை அஞ்சலகத்தில் கட்டுகிறார்கள். ஏழு ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலேயே, 2,52,000 ரூபாய் சேர்ந்துவிடுகிறது. இரு வருவாயும் அடியோடு நின்றாலும் பத்து மாதத்திற்கு மேல் இக்குடும்பம் யார் வாசலிலும் நில்லாமல் இருக்க முடியும்.

ஊர்த் திருவிழாவில் முன்வரிசை முதற் குடும்பத்தலைவருக்கே கிடைக்கும். இரண்டாமவர் "பாவம், கம்மிச் சம்பளக்காரர்" என்று பேசப்படுவார். ஆனால் இருவரில் எவர் செல்வந்தர் என்பதற்குக் கணக்கு வேறு விடை தருகிறது.

செல்வத்தை அளக்க நாம் கைக்கொள்ளத்தக்க அளவுகோலும் இக்கணக்கிலேயே இருக்கிறது. கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்பதே அது. இவ்வளவுகோலில் சம்பளம் தனியே எங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பளம் உயர்ந்து, அதே அளவு செலவும் உயர்ந்தால், கையிருப்பு தாங்கும் மாதங்கள் குறைகின்றன. ஒரு லட்சம் ரூபாய் இருப்பு, மாதம் 20,000 செலவழிப்பவருக்கு ஐந்து மாதம். 50,000 செலவழிப்பவருக்கு இரண்டே மாதம். சம்பள உயர்வு ஒருவரை ஏழையாக்கவும் கூடும் என்பது விந்தையாகத் தோன்றினும் உண்மை.

முதற் குடும்பத்தின் கைமாற்றையும் சற்று உற்று நோக்குவோம். "நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிதானே" என்று வாங்குகிறோம். அந்த மூன்று ரூபாய் மாதத்திற்கு. ஆண்டுக்கு 36 ரூபாய். 60,000 ரூபாய்க்கு மாதம் 1,800 வீதம் கட்டினால், முப்பத்து நான்காம் மாதத்தில் கட்டிய வட்டி அசலைத் தாண்டிவிடும். அசலில் ஒரு காசும் குறைந்திராது. உயர் வருவாய் உடையோரே இவ்வலையில் எளிதில் சிக்குகிறார்கள். ஏனெனில் அவர்களுக்குத்தான் கேட்டவுடன் கடன் கிடைக்கிறது. சம்பளச் சீட்டு அவர்கள் கையில் செல்வத்தின் சான்றாகத் தெரிகிறது. கடன் கொடுப்போர் கண்ணுக்கோ அது அடகுப் பொருளாகத் தெரிகிறது.

குடியேறி வாழும் நமக்கென்றே ஒரு தனிச் செலவும் உண்டு. அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தலைப்பில்லை. ஊரார் கண்ணுக்காகச் செய்யும் செலவு அது. வெளியூர் சென்று பிழைப்பவன் வெறுங்கையோடு திரும்பலாகாது என்பது நம் மனத்தில் ஊறிய எண்ணம். பொங்கலுக்குச் செல்லும்போது அனைவருக்கும் துணி, மாமன் வீட்டுச் சீர் வரிசையில் முதல் தட்டு, கோயில் திருப்பணிப் பலகையில் பெயர், அதற்கெல்லாம் மேலாக ஊரில் ஒரு மாடி வீடு. அவ்வீட்டில் ஆண்டுக்குப் பத்து நாள் விளக்கெரிகிறது. மற்ற நாட்களில் பூட்டுத் தொங்குகிறது. பத்து நாள் உறங்கும் வீட்டுக்கு மாதந்தோறும் தவணை கட்டிவிட்டு, முந்நூற்று ஐம்பது நாள் உறங்கும் வாடகை வீட்டில் மழை ஒழுகுவதைப் பொறுத்துக்கொள்கிறோம். பிறந்த மண்ணில் ஒரு கூரை வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் பெற்றோர் வாழ்வதற்கோ, நாமே முதுமையில் திரும்புவதற்கோ கட்டும் வீடு ஒன்று. பிறர் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குக் கட்டும் வீடு வேறொன்று.

நம் வருவாயில் நாம் காணாமலே சேரும் ஒரு பகுதியும் உண்டு. வருங்கால வைப்பு நிதியைக் குறிப்பிடுகிறோம். தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 12 பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 செலுத்துகிறார். முதலாளியின் பங்கில் 8.33 ஓய்வூதியத்திற்குச் செல்கிறது. 2014-இல் வைக்கப்பட்ட 15,000 ரூபாய் வரம்பைக் கொண்டு கணக்கிட்டால், தொழிலாளி பங்கு 1,800, முதலாளி பங்கில் எஞ்சிய 550, ஆக மாதம் 2,350 ரூபாய் அவர் பெயரில் சேர்கிறது. பத்து ஆண்டுகளில் வட்டி நீங்கலாகவே 2,82,000. ஓய்வூதிய உரிமை பெறுவதற்கும் பத்து ஆண்டுச் சேவை தேவை. ஆனால் நம் இளைஞர் பலர் ஒப்பந்தம் மாறும்தோறும் இத்தொகையை எடுத்துவிடுகின்றனர். ஒருவர் பத்தாண்டில் ஐந்து ஆலை மாறி, ஐந்து முறையும் பணத்தை எடுத்துவிட்டால், பதினோராம் ஆண்டில் முதல் நாள் வேலைக்காரராகவே நிற்கிறார். ஆலை மாறினாலும் கணக்கைத் தொடரச் செய்வதற்காகவே 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே நிலையான எண் வழங்கப்படுகிறது. அவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "மிஞ்சுபவர்க்குச் சேமிப்பு, அன்றாடம் கூலிக்குப் போகிறவர் எதைச் சேமிப்பார்?" என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. வயிற்றுக்கும் மருந்துக்கும் போதாத வருவாய் உடையாரிடம் சிக்கனம் பேசுவது அறமாகாது. அவர்க்கு வேண்டியது நியாயமான கூலி. வருவாயே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தேவைக்குக் கீழே இருக்கும் வரை வருவாய் உயர்வே முதல் மருந்து. தேவை நிறைந்த பின்னும் வளம் தோன்றாவிடின், நோய் வேறிடத்தில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

இதை நமக்கு முன்பே கண்டு செயலிற் காட்டியவர் நெல்லூர் மாவட்டத்துக் கிராமப் பெண்கள். 1990-ஆம் ஆண்டை ஒட்டி அங்கு அறிவொளி இயக்கம் நடைபெற்றது. கூலி வேலை செய்யும் பெண்கள் இரவில் எழுத்துக் கற்றனர். பாடம் பேச்சாயிற்று, பேச்சு தம் வீட்டு நிலையைப் பற்றியதாயிற்று. கணவர் கூலி வாங்குகிறார். ஆனால் வழியில் சாராயக் கடை இருக்கிறது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தூபகுண்ட என்னும் சிற்றூரில் ரோசம்மா முதலிய பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து நின்றனர். அத்தீ மாவட்டமெங்கும் பரவிப் பின் மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது.

அதன்பின் நடந்ததே நமக்கு முதன்மையானது. கடை மூடியதால் வீட்டில் தங்கிய காசை என்ன செய்வது? "பொதுபு லட்சுமி" என்ற பெயரில் அம்மாவட்டப் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் அமைத்தனர். "பொதுபு" என்றால் தெலுங்கில் சேமிப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். பதினைந்து பேர் கூடிய குழுவென்றால் ஓராண்டில் 5,475 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் விதைநெல்லுக்கும் மருத்துவச் செலவுக்கும் வட்டிக்கடைக்காரர் முன் கைகட்டி நிற்க வேண்டிய தேவையை அது குறைத்தது. அவர்கள் வீட்டுக் கூலி ஒரே இரவில் உயர்ந்துவிடவில்லை. வரத்துக்கால் அதேதான், உடைப்பை மட்டும் அடைத்தார்கள். அப்போது நம் தடாவும் அந்த நெல்லூர் மாவட்டத்திலேயே இருந்தது என்பதை நினைத்தால் நமக்கும் பெருமையாக இருக்கிறது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். பின்னர் குறுங்கடன் நிறுவனங்கள் ஆந்திரமெங்கும் பெருகின. சேமிக்கக் கூடிய பெண்களுக்குக் கடன் வலிய வந்தது. ஒன்றை அடைக்க ஒன்று என்று ஒருவரே பல இடங்களில் கடன்படலாயினர். வசூல் நெருக்குதலால் உயிர்கள் போயின என்ற குரல் எழுந்து, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. சேர்க்கும் குழு கடன் வாங்கும் குழுவாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அது எச்சரிக்கை. நம் பெண்கள் இன்று சேர்ந்திருக்கும் குழுக்கள் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தவை என்று அவர்களே சிந்திப்பது நன்று.

ஈகையைப் பற்றி ஒரு சொல் கூறாமல் இக்கட்டுரையை முடித்தால் நாகையாவுக்கு நன்றி மறந்தவராவோம். "கொடுத்தவர் ஏழையானார், ஆதலின் கொடாதே" என்று அவர் வாழ்வினின்றும் பாடம் கற்பது பிழை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்னும் ஊரில் ஓசியோலா மெக்கார்ட்டி என்ற கறுப்பின அம்மையார் இருந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; வாழ்நாள் முழுதும் பிறர் துணியை வெளுத்துப் பிழைத்தவர். 1995-ஆம் ஆண்டு, தம் 87-ஆம் வயதில், தம் சேமிப்பிலிருந்து 1,50,000 டாலரை அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திற்கு ஏழை மாணவர் படிப்புக்கென்று வழங்கினார். துணி வெளுத்த கூலி அது. அவருடைய வருவாயைக் கேட்டிருந்தால் எவரும் அவரைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார். ஏரி நிறைந்திருந்தமையால் அவர் கொடுத்த நீர் நெடுநாள் பாய்ந்தது. கொடுக்கும் மனம் நாகையாவுக்கும் அவருக்கும் ஒன்றே. அளவறிந்து தேக்கிவைத்த கரைதான் வேறு.

திருவள்ளுவர் வரவையும் செலவையும் ஒப்பிட்டுக் கூறிய கருத்தை எங்கே வைத்தார் என்பதும் நோக்கத்தக்கது. நல்குரவு என்னும் அதிகாரத்தில் வைக்கவில்லை. பொருள் செயல்வகையிலும் வைக்கவில்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். பகைவர் வலிமையையும் தன் வலிமையையும் எடைபோட அரசனுக்குச் சொல்லும் இடம் அது. அளவறிந்து ஈதலையும் அங்கேயே கூறினார். வரவு சிறிதா பெரிதா என்பதைவிடச் செலவின் வழி எவ்வளவு அகலம் என்பதே ஒரு குடியின் வலிமையைக் காட்டும் என்று அப்பெருமகனார் கருதினார் போலும்.

இனி நாம் செய்யத்தக்கது என்ன? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டா. இம்மாதச் சம்பளம் வந்த அன்று இரவு, கணவனும் மனைவியும் விளக்கடியில் அமர்ந்து ஒரு தாளில் மூன்றே எண்களை எழுதுங்கள். முதலாவது, கையில் உண்மையாக இருப்பது. இரண்டாவது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறது. மூன்றாவது, ஒரு மாதம் வீடு நடக்க ஆகும் செலவு. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து மூன்றாவதால் வகுத்தால், நீங்கள் எத்தனை மாதத்துச் செல்வந்தர் என்பது தெரிந்துவிடும். சிலர்க்கு அவ்வெண் சுழியத்திற்குக் கீழே இருக்கும். அதனால் வெட்கமடைய வேண்டா. மறைத்து வைப்பதே தீங்கு. அதிக வட்டிக் கடன் முதலில் அடையட்டும். அடுத்து ஒரு மாதச் செலவு கையில் நிற்கட்டும். பின்பு அது மூன்று மாதமாகட்டும்.

இக்கணக்கைக் கணவர் மட்டும் அறிந்து வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே மிகுதி. அவருக்கு ஒன்று நேர்ந்தால், எங்கே என்ன இருக்கிறது என்றறியாமல் மொழி தெரியாத அலுவலகங்களில் அலையப் போகிறவர் மனைவியே. ஆதலின் அத்தாளை இருவரும் சேர்ந்தே எழுதுக. பிள்ளைகள் வளர்ந்தவர்களாயின் அவர்களும் காண்க. தந்தையின் சம்பளத்தை மட்டும் அறிந்த பிள்ளை அதற்கேற்றவாறு கேட்கும். இருப்பையும் கடனையும் அறிந்த பிள்ளை பொறுப்போடு கேட்கும்.

அடுத்த முறை வரன் பேச அமரும்போது சம்பளத்தைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதோடு நிற்காமல், "தம்பி, எத்தனை மாதம் தாங்கும்?" என்றும் அன்போடு கேட்டுப் பார்ப்போம். கேட்பதற்கு முன் நம் வீட்டுத் தாளை எழுதி முடித்திருப்போமாக.